காசு குலுக்கலாம், கேள்வி கேட்கக் கூடாதா?

சென்ற ஆனி மாதத்தில் ஒரு மாலை. குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிய சாரல் தென்காசியையும் தாண்டி அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மாணவர் மன்றத் தொடக்க விழா, என்னையும் அழைத்திருந்தார்கள். பள்ளியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொல்வதால் பயனும் இல்லை. அங்கே நடந்தது எங்கேயும் நடப்பதுதான்.

கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு முடித்துக்கொண்டவன் நான். அப்படிப்பட்டவனுக்குக் கதை எழுதிய ஒரே காரணத்துக்காகப் பள்ளிக்கூட மேடையில் நாற்காலி போட்டுப் பொன்னாடையும் போர்த்துகிறார்கள். மேடையில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது.

மன்றத்தின் காரியதரிசி என்று ஒரு பையன் வந்து வரவேற்புரை வாசித்தான். அவனை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று பக்கத்திலிருந்த ஆசிரியரைக் கேட்டேன். "நல்லா மார்க் வாங்குற பையன் ஸார், நாங்கதான் போட்டோம்" என்றார். உரையை எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. 'இத்தருணத்தில் நன்றியுணர்வுடன் நினைவுகூரக் கடமைப்பட்டுள்ளோம்' என்று பதினான்கு வயதுப் பையன் எவனும் எழுதமாட்டான்.

அடுத்துச் சிறப்பு விருந்தினர் எழுந்தார். பெரிய மனிதர், நல்ல குரல். "இரண்டாம் உலக யுத்தத்தின்போது இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் படித்த மாணவர்களை நினைத்துப் பாருங்கள். குண்டு விழுமோ என்று பயம். அரிசி இல்லை, காகிதம் இல்லை. அப்போதுகூட அவர்கள் அரசியல் பேசினார்களா? தோட்டம் போட்டார்கள், சாரணர் படையில் சேர்ந்தார்கள், நிதி திரட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் கட்டுப்பாடு! இன்றைய பிள்ளைகளோ எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறார்கள்" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் ஜாடை காட்டிய பிறகுதான் பிள்ளைகள் தட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விழா முடிந்து தேநீர் கொடுக்கும் இடத்தில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். கையில் நாலாக மடித்த வண்ண அட்டை. பிரித்துக் காட்டினாள். சுவர்ப் பத்திரிகையின் கிழிந்த பாதி அது. 'எங்கள் கழிப்பறையில் தண்ணீர் ஏன் வருவதில்லை?' என்பது தலைப்பு. எந்தெந்தத் தேதியில் வந்தது, எந்தெந்தத் தேதியில் வரவில்லை என்று கட்டம் போட்டுக் குறித்திருந்தாள். வசவு இல்லை, கோஷம் இல்லை. வெறும் கணக்கு.

"ஒட்டின அன்னைக்கே கிழிச்சிட்டாங்க ஸார்."

"யாரம்மா கிழிச்சது?"

அதை அவள் சொல்லவில்லை. "மன்றத்துல இதெல்லாம் எழுதக் கூடாதாம். இது அரசியலாம்" என்று மட்டும் சொன்னாள்.

தண்ணீர் வரவில்லை என்று சொல்வது அரசியல்! யுத்த காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருந்தார்கள் என்பது சரித்திரம்! இரண்டையும் ஒரே மாலையில் கேட்டுவிட்டு இலஞ்சிக்கு வந்து சேர்ந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சரித்திரத்தைச் சரிசெய்துகொள்வோம்.

1939 செப்டம்பர் 3ஆம் தேதி இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். இந்த நாட்டில் ஒருவரையும் கேட்கவில்லை. அதைக் கண்டித்து அக்டோபர் மாதத்தில் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவின்மீதும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். சென்னைப் பட்டணம் மூட்டை கட்டியது. பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. லட்சக்கணக்கான நம்மவர் காட்டு வழியாக நடந்தே திரும்பினார்கள்; எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தார்கள். 1943இல் வங்காளத்துப் பஞ்சத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். இத்தனைக்கும் நடுவில்தான் 'கட்டுப்பாடாக' உண்டியல் குலுக்கும் வேலை நடந்தது.

பிரிட்டிஷ் விமானப்படையில் 264 என்ற எண்ணுள்ள பிரிவு ஒன்று இருந்தது. அதற்குச் 'சென்னை மாகாணம்' என்றே பெயர். இந்த மாகாணம் யுத்தத்துக்குக் கொடுத்த நிதிக்கு நன்றியாக வைத்த பெயர். கொடுத்தவர்களில் ஜமீன்தார்களும் மிராசுதார்களும் உண்டு. காலணா காலணாவாகக் கொடுத்தவர்களும் உண்டு.

அந்தக் காலணாவின் கதையை நான் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்து சில வருஷங்களுக்கு முன்பு காலமானார். சிறு வயதில் இலஞ்சியிலிருந்து வயல் வரப்பு வழியாக நடந்துபோய் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். மழைக்கால இரவுகளில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பேசுவார்.

"திங்கக்கிழமை திங்கக்கிழமை டப்பா வரும்லே. மூடியில ஓட்டை போட்ட தகர டப்பா. காலணா போடணும். போடாதவன் பெஞ்சு மேல ஏறணும். எங்க அய்யாட்ட ஒரு நாளு கேட்டேன். 'ஒன் மாமன் பர்மாவுலேருந்து நடந்து வாரான், உசிரோட இருக்கானா இல்லையான்னு தெரியலை. ஒன் வாத்தியாருக்குக் காலணா கேக்கோ?'ன்னாரு. அன்னைக்கு நான் பெஞ்சு மேல ஏறி நின்னேன்."

சிறப்பு விருந்தினர் புகழ்ந்த 'நிதி திரட்டல்' இதுதான். பெஞ்சின்மேல் ஏறி நின்ற பையனுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வயதில் யுத்தத்துக்குக் காசு கொடுக்கலாம். அந்த யுத்தம் யாருடையது என்று கேட்கக் கூடாது. காசு போடுவது தேசசேவை. கேள்வி போடுவது அரசியல்!

பிள்ளைகள் அதோடு விட்டுவிட்டார்களா என்றால், இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணியில் மாணவர் சங்கம் கூடும். விவாதப் பொருளுக்குத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். சர்க்கார் யுத்தத்துக்கு நாம் உதவலாமா என்று விவாதிக்கப் பையன்களுக்கு ஆசை. எழுதிக் கொடுத்தால் காகிதமே திரும்பி வராது. தமிழ் ஐயாவிடம் போய் நின்றிருக்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "கம்பனைக் கேளுங்கலே" என்றாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை விவாதம்: 'கும்பகர்ணன் செய்தது சரியா, வீடணன் செய்தது சரியா?'

இதில் தலைமையாசிரியர் என்ன குற்றம் காண முடியும்? கையெழுத்துப் போட்டார். அன்றைக்குப் பள்ளியைப் பார்வையிட வந்திருந்த அதிகாரி அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டு, பிள்ளைகளின் இலக்கிய ஈடுபாட்டைப் பாராட்டிவிட்டுப் போனார். அண்ணன் நடத்துவது அநியாயமான யுத்தம் என்று தெரிந்தும், சோறு போட்டவனுக்காகச் சாகப் போனவன் ஒருவன். அநியாயத்தின் பக்கம் நிற்க மாட்டேன் என்று வெளியேறியவன் இன்னொருவன். எவன் செய்தது சரி? சர்க்கார் சம்பளம் வாங்கும் தகப்பன்மாருடைய பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பட்டாளத்துக்கு அண்ணனை அனுப்பிவிட்டு மணியார்டரை எதிர்பார்த்துக்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளைகளும் கேட்டார்கள். சர்க்காரின் உப்பைத் தின்னும் ஆசிரியர்கள் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் கும்பகர்ணன் கட்சி. கை தூக்கச் சொல்லி எண்ணுனாங்க. தோத்துட்டேன். ஆனா ஒண்ணு, அன்னைக்குத்தான் எனக்கு வாயின்னு ஒண்ணு வந்துது" என்பார் பெரியவர்.

எண்பது வயதுக்கு மேலும் அவர் கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாய்க்கால் கணக்குக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாய் எங்கே முளைத்தது என்று இப்போது தெரிகிறதா?

கம்பனைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. குற்றாலத்தில் வந்து தங்கி 1954இல் அங்கேயே காலமான ரசிகமணி டி.கே.சி., அதற்கு முன்பு திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் கூட்டிய வட்டத்தொட்டியைத் தமிழ்நாடே அறியும். வட்டமான ஒரு தொட்டிக்கட்டில் உட்கார்ந்து பெரியவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள். அது இலக்கிய சரித்திரமாயிற்று. பிள்ளைகள் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் மட்டும் ஒழுங்கு கெட்டுப்போகுமா?

அந்தப் பள்ளியில் ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் இருந்தது. காகிதப் பஞ்ச காலம். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதித் தைத்த ஒரே பிரதி. பெஞ்சு பெஞ்சாகக் கைமாறும். அரிசி எங்கே போகிறது, மண்ணெண்ணெய் யாருக்குக் கிடைக்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். பார்வையிட அதிகாரி வரும் நாளில் தமிழ் ஐயா அதை வாங்கித் தம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். அதிகாரி போனதும் திருப்பிக் கொடுத்துவிடுவார். "பொண்டாட்டி பிள்ளையோட இருக்கப்பட்ட மனுசன். மாட்டினா வேலை போயிரும். ஆனா ஒரு எழுத்தைக்கூட அடிச்சதில்லை" என்று சொல்லும்போது பெரியவரின் குரல் தழுதழுக்கும்.

அன்னியன் ஆண்ட காலத்தில், வேலை போகும் என்ற பயத்தோடு, ஓர் ஆசிரியர் பிள்ளைகளின் எழுத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். நாமே நம்மை ஆளும் காலத்தில், ஒரு தண்ணீர்க் குழாயைப் பற்றிய கணக்கைக் கிழித்துப் போடுகிறோம். கட்டுப்பாட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

ஏதோ ஒரு பள்ளியில் நடந்ததை வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1941 பிப்ரவரியில் மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர் சங்கச் செயலாளரைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். பி.ஏ. பரீட்சைக்குச் சில நாட்களே இருந்தன. பதினெட்டு மாதம் சிறை. கோவில்பட்டியில் பிறந்த அந்த மாணவர்தான் என். சங்கரய்யா. அவர் பட்டம் வாங்கவில்லை. 2023இல் 101 வயதில் மறையும்வரை நாடு அவரைப் பட்டதாரிகளைவிட மேலாகத்தான் மதித்தது. திருவாரூரில் உயர்நிலைப் பள்ளி மாணவராயிருந்த மு. கருணாநிதி, 'மாணவ நேசன்' என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். மாணவர் மன்றம் கண்டார். 1942 ஆகஸ்டில் 'முரசொலி'யைத் துண்டு வெளியீடாகத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. அவர்களுடைய கட்சிகள் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். நான் கட்சி பேச வரவில்லை. யுத்த காலத்து மாணவன் வாய் பேசாத பூச்சியாக இருந்தான் என்று மேடையேறிச் சொல்வது பச்சைப் பொய் என்று சொல்ல வந்தேன்.

'மாணவனுக்கு அரசியல் கூடாது' என்ற உபதேசம் எங்கே பிறந்தது என்பதையும் தெரிந்துகொள்ளலாம். வங்கப் பிரிவினையை எதிர்த்து மாணவர்கள் கிளம்பியபோது 1905இல் கார்லைல் என்ற அதிகாரி ஒரு சுற்றறிக்கை விட்டார். 1907இல் ரிஸ்லி என்ற அதிகாரி இன்னொன்று விட்டார். அரசியல் கூட்டங்களுக்கு மாணவர்களைப் போகவிட்டால் பள்ளியின் மானியம் போகும், அங்கீகாரம் போகும் என்று மிரட்டல். வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவனுடைய சுற்றறிக்கையை மட்டும் நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். நம் பாட்டி சொன்ன புத்திமதி என்றுகூட நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். "பெரியவர்கள் பிள்ளைகளைத் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வார்களே!" என்கிறார்கள். உண்மைதான். ஹிட்லர் ஜெர்மனியில் மற்ற இளைஞர் சங்கங்களையெல்லாம் ஒழித்துவிட்டுத் தன் பெயரில் ஒரே சங்கத்தை வைத்துக்கொண்டான். 1939இல் அதில் சேருவதைக் கட்டாயமாக்கினான். நம் காலத்திலேயே வன்னியில் பள்ளிப் பிள்ளைகளை யுத்தம் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் நாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைகளையா இப்படி வரிசையில் நிறுத்த முடியும்? ஹிட்லரின் சங்கத்தில் கட்டுப்பாட்டுக்கு என்ன குறைச்சல்? அந்தச் சங்கத்தில் இருந்துவிட்டு, பிறகு சொந்தமாக யோசிக்கத் தொடங்கியவர்கள்தாம் ஹான்ஸ் ஷோல், ஸோஃபி ஷோல் என்ற அண்ணனும் தங்கையும். மியூனிக் சர்வகலாசாலையில் துண்டுப் பிரசுரம் போட்டதற்காக 1943 பிப்ரவரி 22ஆம் தேதி அவர்களுடைய தலையை வெட்டினார்கள். பிள்ளைகளைப் பயன்படுத்துகிறவனுக்கு வேண்டியது கட்டுப்பாடு. அவனிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுவது கேள்வி.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. "எங்கள் பக்கத்தில் தேர்தல் வைத்தால் சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும்" என்று ஆசிரியர்களே சொல்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்தவர்களே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு, இந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது. நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். சாதி பள்ளிக்குள் வந்தது மன்ற மேடை வழியாகவா? மேடையில்தான் யாரும் எதுவும் பேசுவதில்லையே! கயிறு வழியாக வந்தது. பெரியவர்களின் திண்ணைப் பேச்சு வழியாக வந்தது. கைப்பேசி வழியாக வந்தது. எல்லாரும் கேட்கும்படி பேசத் தடை போட்ட இடத்தில்தான் காதோடு காதாகப் பேசும் பேச்சு வளரும். ஒரு சாதிப் பையன் நிறுத்திய வாதத்துக்கு இன்னொரு சாதிப் பையன் கை தூக்கும் வெள்ளிக்கிழமை ஒன்று அந்தப் பள்ளிகளில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல நான் ஜோசியன் அல்ல. இருப்பதைவிட மோசமாகியிருக்காது.

இன்றைக்குப் பள்ளிகளில் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், திரைப்பட மன்றம், பசுமைப் படை, செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் படை என்று பட்டியல் நீளம். திட்டம் தீட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. பல இடங்களில் அருமையான ஆசிரியர்கள் கைக்காசு போட்டு நடத்துகிறார்கள். ஆனால் பெரும்பாலான இடங்களில் என்ன நடக்கிறது? பத்துப் பிள்ளைகளை நிறுத்தி, ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, படம் பிடித்து, இணையத்தில் ஏற்றிவிட்டால் மன்றம் கூடிவிட்டது. ஆசிரியருக்கும் வேறு வழியில்லை. ஏற்றாவிட்டால் மேலிருந்து விளக்கம் கேட்பார்கள். பிள்ளை பேசியது வாட்ஸாப்பில் சுற்றினால் ஊரே விளக்கம் கேட்கும். யுத்த காலத்துத் தமிழ் ஐயாவுக்கு இருந்தது ஒரே பயம். இவருக்கு ஒன்பது பயம். அவர் கையில் கத்தரியைக் கொடுத்துவிட்டு, வெட்டாதே என்று சொல்வது நியாயமும் அல்ல.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. மன்றத்தின் காரியதரிசியைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். நிமிஷப் புத்தகத்தை அவர்களே எழுதட்டும், பிழையோடு எழுதட்டும். விவாதப் பொருளை அவர்களே வைக்கட்டும். சுவர்ப் பத்திரிகையில் வசவும் சாதியும் கூடாது என்ற ஒரே விதியை அவர்களையே போடச் சொல்லுங்கள். மீறியதா என்று அவர்களே விசாரிக்கட்டும். ஆசிரியர் கடைசி வரிசையில் உட்காரட்டும். பிள்ளை எழுதியதற்காக ஆசிரியரிடம் விளக்கம் கேட்க மாட்டோம் என்று மேலேயிருப்பவர்கள் ஓர் உத்தரவாதம் கொடுக்கட்டும். சுற்றறிக்கைகளுக்குப் பெயர்போன நாட்டில் இந்த ஒரு சுற்றறிக்கைக்கா காகிதம் இல்லை?

1989 முதல் இந்த நாட்டில் வாக்களிக்கும் வயது 18. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சில மாதங்களுக்குள் அந்தப் பெண் ஒரு சர்க்காரை நியமிக்கும் அல்லது நீக்கும் அதிகாரத்தோடு வரிசையில் நிற்பாள். அதற்கு முந்தின வருஷம்வரை அவளுக்குத் தன் கழிப்பறைத் தண்ணீரைப் பற்றிப் பேச உரிமையில்லை என்றால், எந்த இரவில் அவளுக்கு அந்த அறிவு வந்து இறங்கும்? பதினெட்டாம் பிறந்த நாள் கேக்கோடு வருமா?

அந்தக் கிழிந்த அட்டையை அவள் என்னிடமே கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போது, "நீங்க எழுதுவீங்களா ஸார்?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன். ஆனால் எனக்கு இதில் பெருமை இல்லை, அம்மா. நான் எழுதினால் கட்டுரை. நாலு பேர் படித்துவிட்டு மறந்துபோவார்கள். நீ எழுதினதுதான் சரியான எழுத்து. தேதியும் கணக்கும் அதில் இருந்தன. அட்டை என் மேஜையில் பத்திரமாக இருக்கிறது. வந்து வாங்கிக்கொள். மீதிப் பாதியை மறுபடி எழுதி, அதே சுவரில் ஒட்டு.